இதயக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ரத்தம் ஏறவில்லை: காரணத்தை எங்கே தேடுவது?

மேலூர்த் தகப்பன்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது நடக்கிறது. பிறவியிலேயே இதய மேலறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓட்டை, மைட்ரல் வால்வில் பிளவு. நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்து ஓட்டையைப் பேட்ச் வைத்து மூடினார்கள், பிளவையும் தைத்தார்கள். அதன்பின் நன்றாகத்தான் வளர்ந்தாள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

இப்போது சிக்கல் ரத்த சோகை. சென்ற ஆண்டு ஹீமோகுளோபின் 9.6. அடுத்த முறை 8.8. இப்போது 8.1. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. இரும்புச்சத்து டானிக் மாதக்கணக்கில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), இடையில் முருங்கைக்கீரை, தினமும் பேரீச்சம்பழம், என் தாயார் பங்குக்குக் கம்பங்கூழ். இத்தனைக்கும் எண் கீழேதான் இறங்குகிறது. நாங்கள் காட்டும் இடத்தில் ‘காரணம் தெரியாத சோகை’ என்று சீட்டில் எழுதி, அதே டானிக்கை வேறு கம்பெனிப் பெயரில் மாற்றித் தந்தார்கள். எக்கோ அறிக்கையில் ‘வால்வில் மிதமான கசிவு, பேட்ச் சரியாக உள்ளது’ என்று இருக்கிறது.

இதயக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இப்படி ஆவது வழக்கமா? மருத்துவரிடம் எதை எதைக் கேட்க வேண்டும்?

ஒத்தக்கடையான்

பதற வேண்டாம் ஐயா. தமிழ்நாட்டில் சோகை இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்று வந்தது. பெரிய பிள்ளைகளும் பெரிதாகத் தப்பவில்லை. இதயத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

டானிக்கை எப்போது கொடுக்கிறீர்கள்? காலையில் பால், டீயோடு சேர்த்துக் கொடுத்தால் பாதி இரும்பு உடம்பில் சேராது. டானிக் குடிக்கப் பிடிக்காத பிள்ளைகள் வாஷ்பேசினில் துப்புவதும் உண்டு. பல் கறுக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருந்து வயிற்றுக்குப் போகவே இல்லை என்று பொருள்.

நீலக்குயில்

ஒத்தக்கடை அண்ணன் சொல்வது மற்ற பிள்ளைகளுக்குச் சரி. இதயப் பிள்ளைகளுக்கு இதயத்தை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் பார்க்க முடியாது.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். மகனுக்கு ஃபாலோ நான்கு குறைபாடு, அதாவது இதயத்தில் நான்கு கோளாறுகள் சேர்ந்து உடம்பு நீலம் பாரிக்கும் பிறவிக் குறை. இன்னும் முழு அறுவை சிகிச்சை ஆகவில்லை. ஆக்சிஜன் செறிவு எப்போதும் 78, 80 என்றுதான் காட்டும். அழும்போது உதடு கருநீலமாகிவிடும், குத்தவைத்து உட்கார்ந்துகொள்வான். சில மாதங்களுக்கு முன் அப்படி நீலம் பாரிப்பது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 13.2. அறிக்கையில் அதற்கு எதிரே சிவப்புக் குறி எதுவும் இல்லை, ‘இயல்பு’ என்று போட்டிருந்தது. இதய மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்ததும், ‘இவனுக்கு இது சோகை அம்மா, ஃபெரிட்டின் பாருங்கள்’ என்றார். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அந்த ஃபெரிட்டின் வெறும் 6.

ஒத்தக்கடையான்

13.2 சோகையா? தங்கச்சி, எனக்கே 12.8தான். அப்படியானால் நான் எழுந்து நடமாடக் கூடாதே.

அதுபோக, நீலப் பிள்ளைகளுக்கு ரத்தம் கெட்டியாகும், கெட்டி ரத்தம் மூளையில் அடைக்கும், அதனால் அவ்வப்போது ரத்தத்தை எடுத்து வெளியே விடுவார்கள் என்று என் மைத்துனர் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் நேரில் பார்த்தேன். ஒரு பக்கம் ரத்தத்தை எடுக்கச் சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் இரும்பு கொடுத்து ஏற்றச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

வெள்ளைக்கோட்டு

குழந்தைகள் நல மருத்துவம் பார்க்கிறேன். பிள்ளையை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன்; பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒத்தக்கடை அண்ணே, உங்கள் ஆக்சிஜன் செறிவு 98 இருக்கும். அந்தப் பையனுக்கு 78. செறிவு குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும். 80 சதவீதத்தில் வாழும் பிள்ளைக்கு 16, 17, அதற்கு மேலும் ஹீமோகுளோபின் இருப்பதுதான் அவன் உடம்புக்கு வேண்டிய அளவு. அங்கே 13 என்றால் மஜ்ஜை கேட்கிற இரும்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆய்வகக் கணினி வயதை மட்டும் பார்த்துக் குறி போடுகிறது, அதற்கு இதயம் தெரியாது. எம்.சி.வி. எனப்படும் அணுவின் சராசரி அளவும் இந்தப் பிள்ளைகளிடம் நம்பத் தகுந்ததல்ல. இரும்பு வற்றிய பிறகும் இயல்பாகவே இருக்கலாம். ஃபெரிட்டினும், டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) நிறைவு விகிதமும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுப்பது பற்றி. ஒரு காலத்தில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 65ஐத் தாண்டினாலே ஊசி போட்டு எடுத்தார்கள். எடுக்க எடுக்க இரும்பும் போனது. இரும்பில்லாத சிவப்பணு சிறுத்து, விறைத்து, நுண்குழாய்களில் வளைந்து நுழைய முடியாமல் போகும். நீலம் பாரிக்கும் குறைபாடுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளில் பக்கவாதத்துக்கு இரும்புக் குறைவும் ஒரு காரணம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதனால் இப்போது வழக்கமாக ரத்தம் எடுப்பதில்லை. தலைவலி, மங்கலான பார்வை, மந்தம் என்று அறிகுறிகள் கடுமையாகி, உடம்பில் நீர்ச்சத்துக் குறையவில்லை, இரும்பும் குறையவில்லை என்று உறுதியான பின்தான் அதை யோசிப்போம். இரும்பு கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க மாட்டோம். இவர்களுக்கு ஹீமோகுளோபின் வேகமாக ஏறிவிடும், அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் நீலமாகத் தெரிய, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் நுண்குழாய்களில் சுமார் 5 கிராமாவது இருக்க வேண்டும். மொத்தமே 8 கிராம் உள்ள பிள்ளை செறிவு வெகுவாக இறங்கினால்கூட நீலமாகத் தெரியாமல் வெளிறித்தான் தெரியும். ‘முன்பு போல நீலம் இல்லை, தேறிவிட்டான்’ என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் உண்டு. விரலில் மாட்டும் கருவியும் விகிதத்தைத்தான் சொல்லும், சரக்கு எவ்வளவு என்று சொல்லாது.

மேலூர்த் தகப்பனுக்கு: உங்கள் மகள் நீல வகை இல்லை. அவளுக்கு 8.1 என்பது எந்தக் கணக்கிலும் சோகை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முறையாகக் கொடுத்தால் இரும்பு நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை 1 கிராமாவது ஏற்ற வேண்டும். முதல் மாதத்தில் ஏறவே இல்லையா, ஏறிப் பின் இறங்கியதா? இரண்டுக்கும் தேடும் இடம் வேறு.

கரிசாலை

அன்பர்களே, பாண்டு நோய்க்கு, அதாவது சோகைக்கு, நம் சித்த மருத்துவத்தில் அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், கரிசாலை லேகியம் என்று கைகண்ட மருந்துகள் இருக்கின்றன. ரசாயன டானிக் வயிற்றைக் கெடுக்கும். தேனில் குழைத்து ஒரு மண்டலம் கொடுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் பலருக்குப் பலித்திருக்கிறது.

வாடிப்பட்டிச் செவிலி

கரிசாலை ஐயா, செந்தூரத்தில் இருப்பதும் இரும்புதான். டானிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பங்கு இரும்பு போகும். யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். சித்த மருத்துவரிடம் காட்டுவது அவரவர் விருப்பம். இதய அறுவை சிகிச்சை ஆனதையும், ஏற்கெனவே குடிக்கும் மருந்துகளையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் காட்டட்டும்.

பள்ளிகளில் கொடுக்கும் மாத்திரை பற்றியும் ஒரு குழப்பம் ஊருக்குள் இருக்கிறது. 5 முதல் 9 வயது வரை இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம் இரும்பு. 10 வயதுக்கு மேல் நீலம், 60 மில்லிகிராம். வாரம் ஒன்று. சோகை வராமல் தடுக்கத்தான் அது. வந்த சோகையை வாரம் ஒரு மாத்திரை தீர்க்காது. ‘பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்களே’ என்று மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்துபவர்களை நாங்கள் பரிசோதனைக்குப் போகும் ஊர்களில் எல்லாம் பார்க்கிறோம்.

தெற்குவாசல் ஆய்வகத்தான்

நான் மருத்துவன் இல்லை, கண்ணாடித் தகட்டைப் பார்த்துப் பிழைப்பவன். இதுவரை யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன்.

மேலூர் அண்ணே, இத்தனை முறை ரத்தம் கொடுத்தீர்களே, யாராவது தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டுக் கண்ணால் பார்த்தார்களா? இயந்திரம் எண்ணைத்தான் தரும். அணு உடைந்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்பதை லீஷ்மன் சாயம் போட்டு எண்ணெய் லென்சில் பார்த்தால்தான் தெரியும். செலவும் சொற்பம். ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை பார்த்தார்களா? மஜ்ஜை உற்பத்தி செய்யாமல் படுத்துவிட்டதா, உற்பத்தி செய்தும் வெளியே அழிகிறதா என்பதை அந்த ஒரு எண் பிரித்துக் காட்டும்.

கடைசியாக, சிறுநீர் என்ன நிறம்? காலையில் முதலில் போவதைச் சொல்லுங்கள்.

மேலூர்த் தகப்பன்

டாக்டர், முதல் மாதத்தில் 8.8லிருந்து 9.3 வரை ஏறியது. பிறகு டானிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே 8.1க்கு வந்துவிட்டது. மருந்தைத் துப்பவில்லை, அவள் அம்மா வாய்க்குள் ஊற்றி, விழுங்கும் வரை எதிரே நிற்பவள். மலம் கறுப்பாகத்தான் போகிறது. டீ கொடுப்பதில்லை.

ஆய்வகத் தம்பி, தகட்டில் பார்த்ததாக எந்த அறிக்கையிலும் இல்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வீட்டில் விசாரித்தேன். விளையாட்டு வகுப்பு உள்ள நாட்களுக்கு மறுநாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதாம். தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்து அவளும் சொல்லவில்லை. கண்ணில் லேசான மஞ்சள் உண்டு. அதற்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். கல்லீரல் பரிசோதனையில் மற்றதெல்லாம் சரி, பிலிருபின் மட்டும் 2.4.

தெற்குவாசல் ஆய்வகத்தான்

பிலிருபின் என்பது சிவப்பணு உடையும்போது வரும் மஞ்சள் நிறமி. அந்த 2.4இல் மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாதது) எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், பாருங்கள். பெரும்பகுதி அதுவாக இருந்தால் கல்லீரல் மேல் குற்றம் இல்லை, சிவப்பணு உடைகிறது.

சிறுநீரைக் குச்சித் தாளில் நனைத்தால் ‘ரத்தம் ++’ என்று காட்டும். உடனே சிறுநீரகக் கோளாறு, கல், கிருமி என்று ஓடாதீர்கள். அதே சிறுநீரைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அடியில் சிவப்பு படிந்து மேல்நீர் தெளிந்தால் அணுக்கள் வருகின்றன. மேல்நீர் சிவந்தே நின்று, நுண்ணோக்கியில் அணுவே தென்படாவிட்டால் கரைந்த ஹீமோகுளோபின் வருவதாக இருக்கலாம். அப்படியானால் அது சிறுநீரகத்தில் உடைந்தது அல்ல, ரத்தக் குழாய்க்குள் எங்கோ உடைந்து வடிகட்டப்பட்டு வருவது.

வெள்ளைக்கோட்டு

ஆய்வகத்தார் கேட்டது சரியான கேள்வி. ஏறிவிட்டு இறங்கியது, மஞ்சள், ஓடி விளையாடிய மறுநாள் கருஞ்சிவப்புச் சிறுநீர், வால்வில் கசிவு, உள்ளே பேட்ச். இவை ஐந்தும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்போது ‘காரணம் தெரியாத’ என்ற அடைமொழியை நான் ஏற்க மாட்டேன்.

வால்விலிருந்து பீறிடும் ரத்தம் பேட்சின் மேல் வேகமாக மோதினால் சிவப்பணுக்கள் சிதையும். இந்த வகை ஓட்டைக்கு அறுவை சிகிச்சை ஆன பிள்ளைகளில் இது அறிந்த சிக்கல். செயற்கை வால்வைச் சுற்றிக் கசிவு இருந்தாலும், ஓட்டையையோ குழாயையோ அடைக்க வைத்த கருவியின் ஓரத்தில் கொஞ்சம் வழி மிச்சமிருந்தாலும் இப்படி ஆகும். இங்கே கசிவு மிதமா கடுமையா என்பதைவிட எவ்வளவு வேகத்தில் எதன் மேல் மோதுகிறது என்பதுதான் கேள்வி. ‘மிதமான கசிவு’ என்று எழுதிய எக்கோ பொய் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நான் பார்க்கச் சொல்பவை: தகட்டு ஆய்வு, ரெட்டிகுலோசைட், எல்.டி.எச். (அணு உடைந்தால் ஏறும்), ஹாப்டோகுளோபின் (அணு உடைந்தால் இறங்கும்), பிரித்த பிலிருபின், கூம்ப்ஸ் பரிசோதனை, ஃபெரிட்டின். கூம்ப்ஸ் எதற்கென்றால், உடம்பே தன் அணுக்களை அழிக்கும் வேறொரு நோயை விலக்க. ஃபெரிட்டின் ஐந்து வயதுக்கு மேல் 15க்குக் கீழே போனால் இரும்பு இல்லை. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது 70க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு, சொத்தைப் பல் ஏதாவது உண்டா? இதய உட்சுவர்த் தொற்று இப்படித்தான் ஓசைப்படாமல் சோகையாக வரும். சந்தேகம் இருந்தால் வெவ்வேறு ஊசிக்குத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்து வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் ஆன்டிபயாடிக் தொட வேண்டும். தெரு முனையில் காய்ச்சலுக்கு வாங்கிக் கொடுத்த இரண்டு வேளை மாத்திரையே கிருமியை ஒளித்துவைத்துவிடும்.

ஒத்தக்கடையான்

டாக்டர், பட்டியல் நீளமாகப் போகிறது. மேலூரில் இருந்து பஸ் ஏறி வந்து, ஒரு நாள் கூலியையும் விட்டு, இத்தனை பரிசோதனைக்கும் பணம் கட்டுபவர் நிலைமையையும் யோசிக்க வேண்டும். பரிசோதனை எழுதுவதில் சிலருக்கு இருக்கும் ஆர்வம் நோயைக் கண்டுபிடிப்பதில் இல்லை. நான் பார்த்த ஒரு தனியார் இடத்தில் சளிக்கு வந்த பிள்ளைக்கு வைட்டமின் அளவெல்லாம் எழுதினார்கள்.

தெற்குவாசல் ஆய்வகத்தான்

கோபம் நியாயம்தான் அண்ணே. ஆனால் இந்தப் பட்டியலில் விலை கூடியது ஹாப்டோகுளோபினும் ஃபெரிட்டினும் மட்டுமே. தகடு, ரெட்டிகுலோசைட், பிலிருபின், எல்.டி.எச்., சிறுநீர் இவற்றை முதலில் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மதுரை கோரிப்பாளையம் அரசு பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட்டால் இவற்றுக்குத் தனியாகப் பணம் இல்லை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வால்வுக்காரி

இங்கே எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு 22 வயது. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை போடுகிறேன், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். கல்லூரி முதல் ஆண்டில் ஹீமோகுளோபின் 7.9 ஆனது. வயிற்றில் எண்டோஸ்கோப்பி, பூச்சிக்கு மலப் பரிசோதனை, எல்லாம் ஆயிற்று. மாதவிலக்கு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. என்னோடு எப்போதும் அப்பாதான் வருவார், அவரை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவளுக்கு மாதம் எட்டு நாள் கொட்டித் தீர்த்தால் எந்த டானிக் ஈடுகட்டும்? கடைசியில் ஒரு பெண் பயிற்சி மருத்துவர் அப்பாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டார். பிறகு மகப்பேறு மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசிச் சரிசெய்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எனக்கு ஆகாது, ரத்தம் உறைந்துவிடும் என்பதால் வேறு வழி.

மேலூர் ஐயா, உங்கள் மகளுக்கு 11 வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை என்றாலும் அவள் அம்மாவை உள்ளே கூட்டிப் போங்கள்.

முருங்கைக்கீரை விஷயமும் சொல்ல வேண்டும். ரத்தம் குறைவு என்றதும் ஆச்சி தினம் கீரையாகப் போட்டார். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தை எதிர்த்து வேலை செய்யும். என் ஐ.என்.ஆர். 1.6க்கு இறங்கிவிட்டது. இப்போதும் கீரை சாப்பிடுகிறேன். வாரா வாரம் ஒரே அளவு, அதில் மாற்றம் செய்வதில்லை.

நீலக்குயில்

தங்கச்சி, நல்லவேளை எழுதினாய். என் மகனுக்கு ஆஸ்பிரின்தான், கீரைக்குத் தடை இல்லை. ஆனால் அவனுக்கும் ஒருமுறை உறைதல் நேரம் பார்த்தபோது தாறுமாறாக நீண்டு வந்தது. ரத்தக் கசிவு எங்கேயும் இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தெற்குவாசல் ஆய்வகத்தான்

அது குப்பி செய்த வேலையாக இருக்கலாம் அக்கா. உறைதல் பரிசோதனைக் குப்பியில் சிட்ரேட் திரவம் அளந்து ஊற்றியே வரும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. நீலப் பிள்ளைகளில் ஹீமட்டோகிரிட் 55க்கு மேல் உள்ளவர்களுக்கு அந்த ரத்தத்தில் பிளாஸ்மா கம்மி. சிட்ரேட் மிகுந்துபோய், உறைய நேரமாவதாகப் பொய்யாகக் காட்டும். முன்கூட்டியே சொன்னால் சிட்ரேட்டைக் குறைத்து வைத்துக் குப்பி தயார் செய்வோம். ரத்தம் எடுப்பவரிடம் ‘நீலப் பிள்ளை, ஹீமட்டோகிரிட் இவ்வளவு’ என்று சொல்லிவிடுங்கள். யாரும் அவராகக் கேட்க மாட்டார்.

வெள்ளைக்கோட்டு

பேச்சு எங்கெங்கோ போனாலும் பயனுள்ளதாகப் போகிறது, அதனால் நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். கைக்குழந்தைகளில், கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை உள்ளவர்களுக்குச் சோகை வந்தால் ரத்தம் நீர்த்து, நுரையீரல் குழாய்களின் எதிர்ப்புக் குறைந்து, ஓட்டை வழியாகப் பாயும் அளவு இன்னும் கூடும். பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கும் குழந்தைக்கு இதய மருந்தை ஏற்றிக்கொண்டே போவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

சோகையும் இதயக் குறையும் ஒரே மூலத்திலிருந்து வருவதும் உண்டு, அரிதாக. கட்டைவிரலைப் பார்ப்போம். மூன்று கணுவாக இருந்தாலோ, சிறுத்தோ இல்லாமலோ இருந்தாலோ மஜ்ஜையைச் சந்தேகிக்க வேண்டும். டயமண்ட் பிளாக்ஃபேன், ஃபான்கோனி என்ற இரண்டு பிறவிச் சோகைகளும் அப்படிப்பட்டவை. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு அணுக்கள் இயல்பிலேயே சற்றுப் பெரியவை என்பதால் இரும்புக் குறைவு மறைந்துகொள்ளும். நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பமானால் தலசீமியா என்ற பரம்பரைச் சோகையையும் மறக்கக் கூடாது.

மேலூர்த் தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வேறொரு இடத்தில் காட்டினோம். இந்த முறை அவள் அம்மாவும் உள்ளே வந்தாள்.

தகட்டில் துண்டுபட்ட அணுக்கள், முக்கோணமும் அரைவட்டமுமாக நிறைய என்று எழுதியிருக்கிறார்கள். ரெட்டிகுலோசைட் 7 சதவீதம். எல்.டி.எச். 1,900ஐத் தாண்டியது. ஹாப்டோகுளோபின் அளவிட முடியாத அளவுக்குக் கீழே. கூம்ப்ஸ் எதிர்மறை. சிறுநீரில் ரத்தம் ++, நுண்ணோக்கியில் அணு இல்லை. ஃபெரிட்டின் 9. மூன்று ரத்த வளர்ப்பிலும் கிருமி வளரவில்லை. உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்தார்கள். தைத்த பிளவில் ஒரு முனை பிரிந்து, அங்கிருந்து வரும் பீறல் நேராகப் பேட்சில் அடிக்கிறதாம். திரையில் எனக்கும் காட்டினார்கள்.

இரண்டு கேள்விகள். இரும்பு ஃபெரிட்டினில் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, உடைந்த அணுவின் இரும்பு உடம்புக்குள்தானே இருக்க வேண்டும்? மறுபடி அறுவை சிகிச்சை என்கிறார்கள். அதுவரை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்து சமாளிக்க முடியாதா?

வெள்ளைக்கோட்டு

மண்ணீரலில் உடைந்தால் இரும்பு உள்ளே தங்கும். இது ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகிறது. ஹீமோகுளோபினாகவும், ஹீமோசிடரின் என்ற இரும்புத் துகளாகவும் இரும்பு சிறுநீரில் போய்விடுகிறது. அதனால்தான் டானிக் கொடுத்ததும் கொஞ்சம் ஏறியது. டானிக்கை நிறுத்த வேண்டாம். மஜ்ஜை இரட்டிப்பு வேகத்தில் வேலை செய்வதால் ஃபோலிக் அமிலமும் வேண்டியிருக்கும், கேளுங்கள்.

ரத்தம் ஏற்றினால் ஏற்றிய அணுவும் அதே பேட்சில்தான் மோதும். அறுவை சிகிச்சைக்கு முன் தேவைப்பட்டால் மெதுவாக, அளவறிந்து ஏற்றுவார்கள். கசிவுள்ள இதயத்துக்கு வேகமாக ஏற்றினால் மூச்சுத் திணறும். பீறலின் வேகத்தைக் குறைக்க பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும்) மாத்திரை சிலருக்கு இடைக்காலத்தில் உதவும். நிலையான தீர்வு வால்வைச் சரிசெய்வதுதான். அதுவரை ஓட்டப்பந்தயம், கபடி வேண்டாம், வகுப்புக்குப் போகலாம்.

வாடிப்பட்டிச் செவிலி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா அண்ணே? இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு இப்போதே போய் எடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மகள் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் எடுத்த பழைய ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் அலைபவர்கள் அதிகம். 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் எங்கள் குழுவிடம் சொன்னாலும் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும்.

ஒத்தக்கடையான்

மேலூர் ஐயா, ஆட்சியர் அலுவலகம் எனக்குப் போகும் வழிதான். தாள்களின் நகலை அனுப்பினால் வரிசையில் நான் நிற்கிறேன். உங்கள் மகளின் அம்மா கைரேகை வைக்க வந்தால் போதும். டாக்டர், ஒரு சந்தேகம்: இந்தப் பிள்ளைக்கு ஒரு சொத்தைப் பல் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன் பிடுங்கலாமா, பின்பா?

வெள்ளைக்கோட்டு

முன்பு. பேட்சை ஒட்டி இன்னும் கசிவு இருப்பதால், ஈறில் ரத்தம் வரும் எந்தப் பல் சிகிச்சைக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அமாக்சிசிலின் ஒரே வேளை, கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதிகபட்சம் 2 கிராம். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து. பல் மருத்துவரிடம் எக்கோ அறிக்கையையும் கையோடு காட்டச் சொல்லுங்கள்.

மேலூர்த் தகப்பன்

கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது. திங்கட்கிழமை காட்டுகிறோம். ஒத்தக்கடை அண்ணே, தாள்களை இன்று இரவு அனுப்புகிறேன்.